பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு திரை

2 ஆகஸ்ட், சனி

காலையில் மழை. போர்ச்சு வரைக்கும் சாரல். காடி மேல் போட்ட துணி நனைந்து ஒட்டிக் கிடக்கிறது.

பார்சல் வந்துவிட்டது. டிஸ்ப்ளே. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு, கறுப்புக் கண்ணாடி. கூடவே சென்சர்கள், ஒரு சுருணை ஒயர், எனக்குத் தெரியாத மொழியில் ஒரு கையேடு. படத்தைப் பார்த்தே பாதி புரிந்தது. மீதிக்குக் காதர் இருக்கிறான்.

எதற்கு இது என்று எனக்கே எழுதி வைத்துக்கொள்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காடி. இரண்டே சீட்டு, கூரையை மடக்கலாம். கூடவே வந்த எண்ணெய் அழுத்த முள் சும்மா ஒப்புக்கு. எஞ்சின் ஓடினால் நடுவில் போய் நிற்கும், நல்லதோ கெட்டதோ நகராது. இந்தத் திரை உள்ளதைச் சொல்லும். எண்ணெய் வெப்பம் (இனி எ.வெ.), எண்ணெய் அழுத்தம் (எ.அ.), தண்ணீர்ச் சூடு, ஆர்பிஎம், வளைவில் காடி எவ்வளவு தள்ளுகிறது, எல்லாம் எண்ணாக.

இது ஊருக்குச் சொல்கிற காரணம். மற்றது: மே மாதம் ஃபேக்டரியில் வலிப்பு வந்து விழுந்தேன். இன்னொன்று வராமல் ஒரு வருஷம் முழுசாகப் போனால்தான் ஸ்டியரிங் தொடலாம் என்று டாக்டர். அதுவரை மனைவி திலகா (இனி தி.) ஓட்டுகிறாள். நான் இடது பக்கம். கை சும்மா கிடக்கிறது. கண்ணாவது வேலை செய்யட்டும்.

தி. போட்டிருக்கும் கெடு தீபாவளி. "அதுக்குள்ள இந்தக் கிளட்சு எனக்குப் பழகலன்னா வித்திடணும். வாசல்ல நிறுத்தி வச்சிட்டு நீங்க தெனம் அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறத என்னால பார்க்க முடியாது லா." சரி என்று சொல்லிவிட்டேன். அவள் தம்பி வாங்குகிற ஆளையே பிடித்து வைத்திருக்கிறான், பட்டர்வொர்த்தில். வேறு எந்த வேலைக்கும் போன் எடுக்காதவன் இதற்கு மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான்.

காடியும் போய்விட்டால் நான் வெறும் நோயாளி. யாரிடமும் சொன்னதில்லை. எழுதிவிட்டேன்.


3 ஆகஸ்ட், ஞாயிறு

வெயில். காதர் வந்தான். சுங்கை பினாங்கில் ஒயரிங் கடை வைத்திருப்பவன். ரேடியோ, அலாரம், ஏர்கோன், எதுவானாலும் நாங்கள் அவனிடம்தான். என்னை விட இளையவன், பேச்சில் மட்டும் பெரியவர்.

எங்கே மாட்டுவது என்பதிலேயே பாதி நாள் போனது. ஓட்டுகிறவர் பக்கம் டேஷ்போர்டில் தட்டையான இடம் ஒன்றுதான். அங்கே பிள்ளையார்.

"இங்கதான் வைக்கணும் அண்ணே. ஆனா சாமி இருக்கே."

"எடுத்து அந்தப் பக்கம் வையேன்."

"நான் தொட மாட்டேன். தப்பா நினைக்காதீங்க. அக்கா மனசுல ஒண்ணு இருக்கும், அவங்களே எடுக்கட்டும்."

தி. வந்தாள், ஈரக் கையோடு. "அவர் இருக்கிற எடத்துல இருக்கட்டும். காடி எடுத்த அன்னைக்கி தண்ணீர்மலைக் கோயில்ல பூசை போட்டு வச்சது. டிவி வேணும்னா வேற எடம் பாருங்க."

"டிவி இல்ல."

"எதுவோ ஒண்ணு."

கடைசியில் இடது பக்கம், எனக்கு நேராக. கா. ஒரு தகட்டை வளைத்துத் தாங்கி செய்தான். "ஓட்டுறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணே?" என்று ஒரு தடவை கேட்டான். தெரிய வேண்டாம், பார்க்கப் போவது நான்தானே என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்குரூவைத் திருக ஆரம்பித்தான்.

முடிந்தது: கரண்டு (சாவி போட்டால் மட்டும் எரியும்), ஆர்பிஎம் ஒயர், தண்ணீர்ச் சூடு. மிச்சம்: எண்ணெய் சென்சர் இரண்டும். மதியம் மீன் கறி. கா. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டதில் தி.க்கு சந்தோஷம்.


9 ஆகஸ்ட், சனி

மூட்டமாக. மழை இல்லை.

எண்ணெய் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தட்டு. அதில்தான் சென்சர்கள். கசிந்துவிடக் கூடாது என்று மரையில் வெள்ளை டேப்பை நானே சுற்றினேன். தாராளமாக. கா. வந்து ஸ்டார்ட் செய்தான். எ.அ. பூஜ்யம். "அணை, அணை" என்று நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கா. சிரித்துக்கொண்டே கீழே படுத்தான். "எவ்வளவு டேப்பு அண்ணே சுத்துனீங்க? சென்சருக்கு எர்த்தே கிடைக்கல. காடிக்கு ஒண்ணும் இல்ல, டேப்புதான்." உரித்துவிட்டுக் கொஞ்சமாகச் சுற்றினான். எண் வந்தது. எனக்கு மூச்சும் வந்தது.

இத்தனை வருஷம் ஃபேக்டரியில் மெஷின் பராமரிப்பு. இது தெரியவில்லை. மாத்திரை மந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சாயந்திரம் தி. சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். வீட்டுக்கு எது புதுசாக வந்தாலும் பொட்டு. ஃபிரிட்ஜுக்கு வைத்தாள், வாஷிங் மெஷினுக்கு வைத்தாள். திரைக்கும் மேல் விளிம்பில், நட்ட நடுவில். அழகாகத்தான் இருந்தது.


12 ஆகஸ்ட், செவ்வாய்

உச்சி வெயில். திரை மங்கல். கண்ணை இடுக்கினால்தான் எண் தெரிகிறது. நேற்றும் இப்படித்தான். வெளிச்சத்தைக் கூட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஃபியூஸ் பார்த்தேன். பேட்டரி வோல்ட் சரி. மட்டமான சாமான் வாங்கிவிட்டேனோ?

டாக்டர் கொடுத்த எம்.சி. லீவு இன்னும் இருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.


13 ஆகஸ்ட், புதன்

கடையை மூடிவிட்டுக் காதர் வந்தான். இரண்டு பேரும் இடது சீட்டில் தலையை விட்டுக் குடைந்தோம். ஒயரை அவிழ்த்தான், மாட்டினான். திடீரென்று நிறுத்திவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான்.

"அண்ணே, சொன்னா கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"பொட்டு."

வெளிச்சத்தைப் பார்க்கிற கண் அந்த இடத்தில்தான் இருக்கிறதாம். சந்தனம் அதை மூடிவிட்டது. இருட்டிவிட்டது என்று திரை தானாகவே மங்கிக்கொண்டது. வெயிலில் வைத்து மூன்று நாளாக நான் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதை எடுத்துத் துடைக்கவும் கா. தயாராக இல்லை. தி.யைக் கூப்பிட்டோம். விஷயத்தைக் கேட்டு முதலில் முறைத்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். போர்ச்சுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஈரத் துணியால் துடைத்து, கீழ் மூலையில் சின்னதாக மறுபடியும் வைத்தாள். மே மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் இப்படி யாரும் சிரித்ததில்லை.


16 ஆகஸ்ட், சனி

நல்ல வெயில், காற்று. கூரை மடக்கி பத்து ஃபெரிங்கி கடற்கரை வரை.

நான் சொன்னவை: 
எண்ணெய் இன்னும் சூடாகல, மூவாயிரத்துக்கு மேல போகாதே. 
கியர மாத்து. 
மாத்து. 
சத்தத்தைக் கேளு, எஞ்சின் கத்துது. 
கிளட்சு மேல கால வச்சுக்கிட்டே ஓட்டாதே. 
ஏன் இப்ப மாத்துன?

அவள் சொன்னவை: 
ம். 
ம். 
தெரியும். 
நீங்க வேணா இறங்கி நடந்து வாங்களேன்.

ஃபெரிங்கி மேட்டில் நடு ரோட்டில் எஞ்சின் நின்றது. பின்னால் பஸ் ஹார்ன். மறுபடியும் நின்றது. அவள் காது சிவந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஆர்பிஎம் எண்ணூறு, அதான் நிக்குது" என்றேன்.

வீடு வந்ததும் திரையில் 'உச்சம்' பார்த்தேன். அன்றைக்கு எந்த எண் எவ்வளவு வரை போனது என்று அதில் நிற்கும். ஆர்பிஎம் 5,100. எண்ணெய் சூடாகும் முன்னேயே. அதையும் சொன்னேன்.


23 ஆகஸ்ட், சனி

முகம் துடைக்கும் வெள்ளைக் குட் மார்னிங் துண்டு. அதைத்தான் திரை மேல் போட்டுவிட்டாள். தஞ்சோங் பூங்கா சிக்னலில், ஒரு வார்த்தை பேசாமல், பையிலிருந்து எடுத்துப் போர்த்திவிட்டாள்.

எடுத்தேன். மறுபடியும் போட்டாள். பச்சை விளக்கு வந்தும் போகவில்லை.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு லைசன் டெஸ்டு மாதிரி இருக்குங்க. வயித்த வலிக்குது. வெள்ளிக்கிழமை ராத்திரியே வலிக்குது, தெரியுமா?"

தெரியாது. அப்படியே திரும்பி வந்தோம். வீட்டில் சாவியை ஆணியில் மாட்டாமல் மேஜை மேல் வைத்தாள், என் பக்கமாக.


24 ஆகஸ்ட், ஞாயிறு

மழை. பேச்சு இல்லை. சோறு உண்டு.

யோசித்தால் நான் செய்வது அநியாயம். பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறாள், லோரிகளுக்கு நடுவில், மழையில். வேலை விட்டு வந்து சமையல், என் மாத்திரை, என் கிளினிக். அவளுடையது ஆட்டோ கியர் காடி. கிளட்சு மட்டும்தான் புதுசு. ஓட்டத் தெரியாதவள் இல்லை.

இது இங்கே எழுத வருகிறது. அவளிடம் போய்ச் சொல்ல வரவில்லை. என்ன ஆள் நான்.


28 ஆகஸ்ட், வியாழன்

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. காடியில் இருப்பவருக்கும் அருகம்புல், ஒரு கொழுக்கட்டை. எறும்பு வருமே என்றேன். வரட்டும் என்றாள். பேச ஆரம்பித்துவிட்டோம்.

இன்றைக்கு அவள் வேலைக்குப் போன பிறகு காடியின் வலது சீட்டில் உட்கார்ந்தேன். சாவி போட்டேன். எதிரே பிள்ளையார், திரை அந்தப் பக்கம். கிளட்சு மிதித்தேன், கியர் தள்ளினேன். எஞ்சின் போடவில்லை. போட்டிருந்தால் கேட்டைத் தாண்டியிருப்பேன், எனக்கே தெரியும்.

அவள் ஏதோ மறந்து திரும்பி வந்தாள். பார்த்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். கை என் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு வேலைக்குப் போய்விட்டாள்.


30 ஆகஸ்ட், சனி

ஒப்பந்தம். அவளே ஆரம்பித்தாள்.

"சத்தத்தைக் கேளு, சத்தத்தைக் கேளுன்னு சொல்றீங்க. எனக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான். நம்பரச் சொல்லுங்க. நான் கணக்கு டிபார்ட்மெண்டு, நம்பர் புரியும். ஆனா நம்பர் மட்டும்தான். ஏன், எதுக்கு, அப்பவே சொன்னேனே, இதெல்லாம் கிடையாது."

"சரி."

"குரல்லயும் திட்டக் கூடாது."

இது கஷ்டம். இருந்தாலும் சரி என்றேன்.

வேலை செய்தது! "ரெண்டாயிரம். மூவாயிரம். மூவாயிரத்து ஐநூறு." ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் கியர் போட்டாள். ஒரு தடவையும் எஞ்சின் நிற்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் மானம் போன அதே ஃபெரிங்கி மேட்டில் முதல் கியரில் அழகாக ஏற்றினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு "ஆயிரத்து ஐநூறு, ஆயிரத்து எண்ணூறு" என்றேன்.

தெலுக் பஹாங்கில் தேங்காய்த் தண்ணீர். தி. கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு காடியைத் தூரத்திலிருந்து பார்த்தாள். "பரவால்ல லா, உங்க காடி" என்றாள். அடுத்த சனிக்கிழமை மலை ஏறி பாலிக் பூலாவ் போகலாமா என்று கேட்டது அவள்தான்.


10 செப்டம்பர், புதன்

எழுத்து கோணல். நாக்கில் புண், தோள் வலி. கஞ்சி.

சனிக்கிழமை காடியில் மறுபடியும் வலிப்பு. நேற்றுத்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

எனக்கு ஞாபகம் இருப்பது: தெலுக் பஹாங் தாண்டி ஏற்றம். லேசான தூறல், கூரையை மூட வேண்டாம் என்று தி. சொன்னது. எ.வெ. தொண்ணூற்றிரண்டு. அதோடு சரி. அடுத்தது ஆஸ்பத்திரி மின்விசிறி.

மற்றதைத் தி. துண்டு துண்டாகச் சொன்னாள், ஆரஞ்சு உரித்துக்கொண்டே. முழுசாக இன்னும் சொல்லவில்லை.

"மூவாயிரத்து ஐநூறுன்னு சொன்னீங்க. அடுத்த நம்பர் வரல. கியர் போடலாமா வேணாமான்னு காத்துக்கிட்டு இருந்தேன். வரவே இல்ல. அதான் திரும்பிப் பார்த்தேன்."

ஓரமாக நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, என்னைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாளாம். மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்கார அம்மா நின்று, எங்கள் இருவர் மேலும் குடை பிடித்தாராம். உதறல் நின்றது, நான் முழிக்கவில்லை. மலையில் போன் லைன் இல்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, பாலிக் பூலாவ் ஆஸ்பத்திரி வரை ஓட்டினாள்.

"செவப்பு விளக்கு எரிஞ்சிக்கிட்டே இருந்திச்சு. எரியட்டும்னு விட்டுட்டேன். கோவிச்சுக்கிறீங்களா?"

ஆர்பிஎம் ஆறாயிரத்தைத் தாண்டினால் திரையில் சிவப்பு எரிய வேண்டும் என்று நான்தான் வைத்தேன். அதற்குக் கோவிப்பேனா என்று கேட்கிறாள். தலையைத் திருப்பிக்கொண்டேன். அழுதது அவளுக்குத் தெரியும்.


12 செப்டம்பர், வெள்ளி

போர்ச்சு வரை நடந்தேன். காடியில் ஏறவில்லை, கதவைத் திறந்து கையை மட்டும் விட்டுச் சாவி போட்டு, திரையில் உச்சம் பார்த்தேன். ஆர்பிஎம் 6,900. எ.வெ. 121. இந்தக் காடியை நான் ஒரு நாளும் இவ்வளவு விரட்டியதில்லை. வளைவுகளில் தள்ளியதும் இருக்கிறது. அந்த ரோட்டில் அவள், பக்கத்தில் நான் இருந்தும் இல்லாமல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம்.

அழிக்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தவில்லை.


13 செப்டம்பர், சனி

கிளினிக். மாத்திரை அளவு கூட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து. டாக்டர் நல்ல மாதிரிதான் சொன்னார். நான் கேட்டதற்கு, "இப்போதைக்கு ஓட்டுறத மறந்திடுங்க, உடம்பப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டேன். காடி கேட்ட அந்தப் பையனை வரச் சொல். அடுத்த ஞாயிறு.

தி.யிடம் சொன்னேன். இனிமேல் அவளை அந்தக் காடியில் உட்கார வைத்து அந்த ரோட்டை நினைக்க வைப்பது பாவம். தீபாவளி வரை எதற்கு இழுக்க வேண்டும்? அவள் "ம்" என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை இரண்டு தடவை பிரித்து மடித்தாள்.

விற்பதுதான் சரி. சரியான காரியம் செய்த நிம்மதி மட்டும் இன்னும் வரவில்லை.


20 செப்டம்பர், சனி

காலையில் வெயில், மதியத்துக்கு மேல் இடி.

தூங்கி எழுந்து வந்தால் போர்ச்சில் காதர். தி.தான் வரச் சொல்லியிருக்கிறாள். திரையைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். விற்கும் முன் கழற்றி வைக்கிறார்கள் போலும் என்று நினைத்தேன்.

இல்லை. தி. தலைக்குக் குளித்திருந்தாள். சூடம் காட்டி, கும்பிட்டு, பிள்ளையாரைப் பிடித்து லேசாக அசைத்தாள். வரவில்லை. நூல் போட்டு அடியில் அறுத்து எடுத்தாள். இத்தனை வருஷம் இருந்த இடம் வட்டமாக வெள்ளையாகத் தெரிந்தது. அவரைக் கொண்டுவந்து இடது பக்கம், என் சீட்டுக்கு நேராக ஒட்டினாள். காலி இடத்தில் கா. திரையை மாட்டினான். ஸ்டியரிங் பக்கம் திருப்பி.

"நாளைக்கு விக்கிற காடிக்கு எதுக்கு இது?"

"நாளைக்கு வரைக்கும் ஓட்டப் போறது நான்தானே. உங்க வாய நம்பி இனிமே ஓட்ட முடியாது. பாதியில நின்னு போச்சுன்னா நான் என்ன பண்றது?"

கா. கீழே குனிந்து ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தான். கட்டி முடித்த ஒயரையே திரும்பக் கட்டினான். போகும்போது என் கையைப் பிடித்து, "அக்கா சொல்றத கேளுங்க அண்ணே" என்றான். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, அவனுக்கு அவசரம் வந்துவிட்டது.


21 செப்டம்பர், ஞாயிறு

நல்ல நாள். மேகம் உயரத்தில். 

பையன் மோட்டாரோடு ஃபெரியில் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்னேயே காடியைச் சுற்றி வந்தான். நல்ல பிள்ளை. கதவை மெதுவாகச் சாத்தினான், அதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. இவன் கையில் காடி நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவா அண்ணே?"

நான் சாவியைத் தேடினேன். ஆணியில் இல்லை. தி. சாவியோடு வந்தாள், செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாத்து போட்டுக்கொண்டு. "நான் ஓட்டிக் காட்டுறேன் தம்பி. நீங்க பக்கத்துல உட்காருங்க."

போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். வரும் வரைக்கும் நின்றேன். 

திரும்பி வந்தபோது பையன் முகத்தில் ரத்தம் இல்லை, சிரிப்பு மட்டும் இருந்தது. "அக்கா ஓட்டுறாங்களே அண்ணே! ஐயோ, கொடிமலை ரோட்டு வளைவுல..." அவனுக்கு வார்த்தை வரவில்லை. தி. இறங்கவில்லை. எஞ்சினும் அணைக்கவில்லை.

"அணைச்சிடேன்" என்றேன்.

"எண்ணெய் நூத்தி எட்டு. கொஞ்சம் ஆறட்டும். உடனே அணைச்சா நல்லதில்லன்னு நீங்கதானே சொல்வீங்க."

பையன் என்னிடம் வந்தான். "எனக்கு ஓக்கே அண்ணே. எப்ப பேர் மாத்தலாம்?"

அவளைப் பார்த்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்க வேண்டாம் என்பது என் வாயிலிருந்து வரட்டும் என்று ஒரு வாரமாகக் காத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்றுப் பிள்ளையாரை அறுத்து எடுத்தவள் விற்கிற காடிக்காகவா செய்தாள்? எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

"மன்னிச்சிக்கோ தம்பி. இது அக்கா ஓட்டுற காடி. விக்கல."

அவன் விழித்தான். அக்கரையிலிருந்து வந்தவனை வெறுமனே அனுப்பக் கூடாது என்று நானே டீ கலந்தேன். சர்க்கரை கூடிவிட்டது. குடித்துவிட்டு, எப்போதாவது மனசு மாறினால் தன்னைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். மச்சான் போனில் கத்தினான். கத்தட்டும்.

தி. இன்னும் ஸ்டியரிங்கில்தான். "ஏறுங்க."

"எங்க?"

"ஏறுங்களேன்."

ஏறினேன். எனக்கு நேராகப் பிள்ளையார். திரையின் ஓரம் மட்டும் தெரிகிறது, எண் தெரியவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்காவது அவள் நிம்மதியாக ஓட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அவளாகவே கியர் போட்டாள். ஜெலுத்தோங் தாண்டி, ஜாலான் மஸ்ஜித் நெகிரி சிக்னலில் சிவப்பு. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகம் சரியில்லை.

"ஏன் பேசாம வர்றீங்க?"

"இங்கேருந்து நம்பர் தெரியலையே."

"நம்பர் வேணாங்க. எதையாச்சும் சொல்லிக்கிட்டே வாங்க. அன்னைக்கி மாதிரி நீங்க சும்மா இருந்தா எனக்குக் கை நடுங்குது."

ஸ்டியரிங்கில் அவள் கையைப் பார்த்தேன். பச்சை விழுந்தது.

"டயர் கடை" என்றேன். "மூடியிருக்கு. பக்கத்துல கண்ணாடிக் கடை. பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரு, குடை ஒண்ணுதான். மாமாக் கடை, சாப்பிட நல்ல கூட்டம்."

"ம். சொல்லுங்க."

"பள்ளிவாசல். பெட்ரோல் ஸ்டேஷன். ஒரு பூனை."